மணமகள் கைக்கு ஒரு துணிப் பூச்செண்டு

ஆவணி பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் வாழைமரம் கட்டாத வாயிலைக் காண்பது அரிதாகும். முகூர்த்த நாட்கள் நெருங்க நெருங்க, எமக்கு வரும் கடிதங்களிலும் கலியாணப் பேச்சே மிகுந்திருக்கும். பலகாரத்தை எத்தனை நாளைக்கு முன்னர்ச் சுட்டு வைக்கலாம், கூறைச் சேலையில் எண்ணெய் பட்டால் என் செய்வது என்றெல்லாம் சகோதரிகள் கேட்பார்கள். இம்முறை வந்தவற்றுள் ஒரு கடிதம் எம்மைச் சற்று நேரம் சிந்திக்க வைத்துவிட்டது.

எழுதியவர் வடமராட்சியைச் சேர்ந்த ஒரு தாயார். நான்கு பெண் மக்களைப் பெற்றவர். மூத்தவளுக்கு மணம் நிச்சயமாகியிருக்கின்றது. காலையிற் கோயிலில் தாலிகட்டு. மாலையில் மண்டபத்தில் வரவேற்பு. அவர் எழுதுகின்றார்: “வரவேற்பில் மகள் கையிற் பிடிக்கும் பூச்செண்டைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தால் நன்று என்று மாப்பிள்ளை வீட்டார் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். விசாரித்தால், எங்கள் வீட்டின் ஒரு மாதச் சாமான் செலவை விலையாகச் சொல்லுகிறார்கள். இளைய பிள்ளைகள் மூவரும், அக்காவின் செண்டை நாங்களே துணியிற் செய்வோம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். பிள்ளைகளின் ஆசையைக் கெடுக்கவும் மனமில்லை. பொய்ப்பூவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று சபையில் ஒரு சொல் கேட்கவும் மனமில்லை. என்ன செய்யட்டும்?”

தாயின் கலக்கம் எமக்கு நன்கு விளங்குகின்றது. கலியாண வீட்டிற் சொல்லப்படும் ஒரு சொல், பந்தல் பிரித்த பின்னரும் பல ஆண்டு காதில் நிற்கும். ஆயினும், பிள்ளைகள் மூவரும் கேட்பது நல்ல காரியம் என்பதே எம் கருத்து. எவ்விடத்திற்கு அது பொருந்தும், எவ்விடத்திற்குப் பொருந்தாது என்பதை மட்டும் முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

மணமாலை, கும்பத்திற்குச் சாத்தும் பூ, பூசைக்குரிய பூ, மணமகள் கூந்தலிற் சூடும் மல்லிகை ஆகிய யாவும் உண்மைப் பூவாகவே இருத்தல் வேண்டும். அவை சடங்கோடு சேர்ந்தவை. கையிற் பிடிக்கும் செண்டோ நம் சடங்கிற்குரியதன்று. தேவாலயத் திருமணத்தையும் மேனாட்டு வழக்கத்தையும் பின்பற்றி நம் வரவேற்பு மண்டபத்துள் வந்து சேர்ந்தது. ஆகவே அதனைத் துணியாற் செய்வதால் எந்த முறையும் பிழைப்பதில்லை. தேவாலயத்தில் மணம் முடிப்போர் செண்டைத் துணியாற் செய்யலாம். பீடத்து அலங்காரத்தைப் பற்றி மாத்திரம் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ முன்னரே கேட்டறிந்துகொள்க.

கையாற் செய்த பூ மணவீட்டிற்குப் புதியதுமன்று. வங்காளத்தில் மணமகன் தலையில் அணியும் ‘தோப்பர்’ என்னும் கூரிய வெண்முடியும், மணமகள் அணியும் முடியும் நெட்டியினாற் செய்யப்படுபவை. நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் தண்டினுள்ளே இருக்கும் வெண்மையான, காற்றுப்போற் கனமற்ற சோற்றியைச் சீவிப் பூவும் மணியும் ஆக்குகின்றனர். தமிழகத்துத் தஞ்சாவூரிலும் நெட்டி வேலை புகழ்பெற்றது. 2020ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இங்கிலாந்தின் விக்ரோறியா மகாராணியார் 1840ஆம் ஆண்டு தம் திருமணத்தில் தோடம்பூ வளையம் அணிந்தார். அதன் பின்னர் மேனாட்டு மணப்பெண்கள் தோடம்பூவைப் பெரிதும் விரும்பினர். குளிர்நாட்டில் நினைத்த வேளையில் அப்பூக் கிடைக்குமா? மெழுகினாலும் துணியினாலும் தோடம்பூச் செய்து சூடினார்கள். வசதி படைத்தோரும் அவ்வாறே சூடினர். எவரும் அதனைக் குறைவாக எண்ணவில்லை.

நம் வடபகுதிக்கு இத்தேவை இன்னும் அதிகம். செண்டுக்குரிய ரோசாவும் கானேசனும் நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்துக் குளிரில் வளர்பவை. அவை மலையிலிருந்து இறங்கி, கொழும்பு சென்று, அங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணம் செய்து யாழ்ப்பாணம் வந்து சேரும்போது, சோளகக் காற்று அவற்றை வரவேற்கக் காத்திருக்கின்றது. காலையில் மலர்ந்திருந்த செண்டு மாலை விளக்கேற்றும் வேளையில் தலை கவிழ்ந்ததைக் கண்டவர்கள் நம்முட் பலர் இருப்பர்.

எம்முடைய பிழை ஒன்று

செய்முறைக்கு முன்னர், நாமே செய்த ஒரு பிழையைச் சொல்லிவிடுகின்றோம். எம் உறவுப் பெண் ஒருத்திக்குத் தேவாலயத்தில் திருமணம். செண்டு செய்யும் பொறுப்பை நாமாகவே கேட்டு வாங்கினோம். செய்வதற்கு இலகு என்று கிறேப் கடதாசியைத் தெரிந்தோம். அழகாய் இருக்கும் என்று செஞ்சிவப்பு நிறத்தையும் தெரிந்தோம். பார்த்தவர்கள் யாவரும் புகழ்ந்தார்கள். கிறேப் கடதாசியின் சாயம் ஈரம் பட்டாற் கரையும் என்பதை நாம் எண்ணவில்லை. மணமகளின் கை வியர்த்தது. செண்டின் ஓரம் சேலையோடு உராய்ந்தது. திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, அவளுடைய வெண்சேலையின் முன்புறத்தில் உள்ளங்கையளவு இளஞ்சிவப்புக் கறை. அப்பெண் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று எடுத்த புகைப்படங்கள் எல்லாவற்றிலும் செண்டு ஓரிடத்தை விட்டு அசையாதிருப்பதை அவ்வீட்டார் இன்றும் காட்டிச் சிரிப்பார்கள். எமக்கு மட்டும் இன்னும் சிரிப்பு வருவதில்லை.

ஆகையால் கிறேப் கடதாசிப் பூவை மண்டபத் தூணுக்கும் மேசைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மணமகளின் கைக்கு வெள்ளைப் பருத்தியோ பட்டோ தான் ஏற்றது. அதற்குச் சாயம் ஏற்றுவதாயினும் முன்னரே ஏற்றி, அலசி, உலர்த்தி, ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்து, நிறம் ஒட்டவில்லை என்பதை உறுதிசெய்த பின்னரே வெட்டுதல் வேண்டும்.

வேண்டிய பொருட்கள்

மெல்லிய வெள்ளை வொயில் துணி அல்லது வெண்பட்டு 1 யார், இலைக்குப் பச்சைப் பருத்தித் துணி கால் யார், காம்புக்கு 18ஆம் இலக்கக் கம்பி, இலைக்கும் சிறு பூவுக்கும் 24ஆம் இலக்கக் கம்பி, கட்டுவதற்குத் தடித்த நூல், சிறிதளவு பஞ்சு, கடைகளில் ‘பைண்டர் கம்’ என்று கேட்டால் தரப்படும் வெண்பசை, பிடியிற் சுற்ற இரண்டு யார் வெள்ளை றிபன், கூரிய கத்தரிக்கோல்.

கம்பி வாங்கும்போது கடதாசி சுற்றியதையோ நாகம் பூசியதையோ கேட்டு வாங்குக. வெறும் இரும்புக் கம்பி நம் கடற்காற்றிற் சில வாரங்களிலே துருப்பிடித்து, வெண்ணிதழில் மஞ்சட் கறையை ஏற்றிவிடும். பசைக்குக் கோதுமைமாவைக் காய்ச்ச வேண்டாம். செண்டைப் பல ஆண்டு வைத்திருக்க விரும்பினால், மாப்பசை கரப்பானுக்கு விருந்தாகும்.

துணியை விறைப்பாக்குதல்

ஒரு மேசைக்கரண்டி சவ்வரிசியை இரண்டு கோப்பை நீரிற் கண்ணாடிபோலத் தெளியும்வரை காய்ச்சி வடித்துக்கொள்க. துணியை அக்கஞ்சியில் நனைத்து, பிழிந்து, நிழலில் உலர்த்தி, சிறிது ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுக. கையிற் பிடித்தாற் சாயாமல் நிற்கும் அளவிற்கு விறைப்பு வந்திருத்தல் வேண்டும். மிகுந்தால் இதழ் கடதாசிபோல முறியும்.

தூய வெள்ளையைவிடப் பாலாடை நிறம் மணமகளுக்கு அழகு தரும் என்பது எம் எண்ணம். அந்நிறத்தை நம் வீட்டுத் தேயிலையே தரும். ஆறிய இளந்தேயிலைச் சாயத்திற் பருத்தித் துணியைச் சில நிமிடம் தோய்த்து, அலசி எடுத்தாற் போதும். மஞ்சளில் தோய்க்க ஆசைப்படாதீர்கள். மஞ்சள் நிறம் வெயிலில் விரைவாக வெளிறும். சவர்க்காரம் பட்டாற் செந்நிறமாக மாறிவிடும்.

முதலில் உண்மைப் பூவைக் கேளுங்கள்

துணியை வெட்டுமுன் ஒரு ரோசாப்பூவைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, வெளியிதழ் தொடங்கி ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாக அடுக்கிப் பாருங்கள். உள்ளே இருப்பவை சிறியனவாய்ச் சுருண்டிருக்கும். வெளியே வர வர அகன்று, ஓரம் பின்னோக்கி மடிந்திருக்கும். ஓரிதழின் இடைவெளியை அடுத்த இதழ் மூடும். இரண்டு இதழ் ஒரேமாதிரி இருப்பதில்லை. அடியில் ஐந்து பச்சைப் புல்லிதழ்கள் இருக்கும். இதழின் அடிப்பாகம் நுனியைவிடச் சற்று மஞ்சள் ஓடியிருக்கும். பூ எவ்வாறு கட்டப்பட்டிருக்கின்றது என்பதை அப்பூவைப்போல வேறெந்த ஆசிரியரும் சொல்லித்தரப் போவதில்லை. கடைப் பூக்கள் உயிரற்றுத் தோன்றுவதற்குக் காரணம், எல்லா இதழும் ஓர் அச்சில் வெட்டப்பட்டு ஓரளவில் நிற்பதே. வீட்டிற் செய்யும் பூவிற்கு அக்குறை வரத் தேவையில்லை.

ரோசா செய்யும் முறை

தடித்த மட்டையில் மூன்று அளவு இதழ் வெட்டி வைத்துக்கொள்க: உயரம் 1¼ அங்குலம், 1¾ அங்குலம், 2¼ அங்குலம். மேற்புறம் அகன்று வளைந்தும், அடி ஒடுங்கியும் இருக்கட்டும். ஒரு பூவிற்குச் சிறியது 3, நடுத்தரம் 5, பெரியது 7 ஆகப் பதினைந்து இதழ் வேண்டும். துணியின் இழை சாய்ந்து ஓடும்படி, மூலைவாட்டமாக வைத்து வெட்டுக. நேர் இழையில் வெட்டிய இதழ் வளைந்து கொடாது; ஓரமும் நூல் பிரியும்.

இனி வளைத்தல். மடித்த துவாய் ஒன்றின்மேல் இதழை வைத்து, சூடான கரண்டியின் முதுகால் நடுவில் அழுத்தினால் இதழ் கிண்ணம்போற் குழியும். கரண்டியை மெழுகுதிரிச் சுடரிற் காய்ச்சக்கூடாது. கரி படிந்து வெண்துணியைக் கெடுக்கும். தோசைக்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் வைத்து எடுக்க வேண்டும். முதலில் ஒரு துண்டுத் துணியில் வைத்துப் பார்த்து, அது பழுப்பேறாவிட்டால் மாத்திரமே இதழில் வைக்குக. பின்னர் மேலோரத்தைப் பின்னற் கம்பி ஒன்றிற் சுற்றி வெளிப்புறமாகச் சுருட்டுக. உள்ளிதழ் மூன்றிற்கும் ஓரம் சுருட்டத் தேவையில்லை.

காம்புக் கம்பியின் நுனியைக் கொக்கிபோல வளைத்து, அதிற் புளியங்கொட்டையளவு பஞ்சைச் சுற்றி, துணியால் மூடிக் கட்டுக. அதுவே பூவின் நடு. சிறிய இதழ் மூன்றையும் ஒன்றையொன்று தழுவும்படி பசையிட்டுச் சுற்றுக. அடுத்து நடுத்தரம் ஐந்து. அதன்பின் பெரியது ஏழு. முன் வரிசையின் இரண்டு இதழ் சேரும் இடத்தின்மேல் அடுத்த வரிசை இதழின் நடு வரல் வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் நூலால் இருமுறை இறுக்கிக் கட்டுக. பசை ஒன்றையே நம்பிய பூ, கூட்டத்திலே உதிரும். இறுதியாகப் புல்லிதழ் ஐந்தையும் ஒட்டி, கால் அங்குல அகலப் பச்சைத் துணிப்பட்டையை மேலிருந்து கீழாகக் காம்பிற் சுற்றுக.

மொட்டுக்குச் சிறிய இதழ் மூன்றும் நடுத்தர இதழ் இரண்டும் போதும். இலைக்கு, இரு துணித் துண்டுகளுக்கிடையே கம்பியை வைத்து ஒட்டி, காய்ந்த பின் வெட்டி, கத்தியின் முதுகால் நரம்பு கீறுக. ரோசாவின் இலை தனித்து நில்லாது. ஒரு காம்பில் ஐந்தாக நிற்கும். இதனை மறந்தாற் பூ நன்றாக இருந்தும் செண்டு பொய்யாகத் தோன்றும்.

மல்லிகை மிக எளிது. ஓரங்குலச் சதுரத் துணியில் நெல்லளவு பஞ்சை வைத்து முறுக்கிக் கம்பியிற் கட்டினால் மொட்டு. அவற்றை ஐந்தைந்தாகச் சேர்த்துச் சரமாக்குக. வீட்டிலுள்ள மிகச் சிறிய பிள்ளையும் இதைச் செய்யலாம், செய்யவும் விடுங்கள்.

சற்றின் றிபனை மெழுகுதிரிச் சுடரிற் காட்டி ஓரம் சுருட்டும் முறையும் உண்டு. இக்காலத்துச் சற்றின் பெரும்பாலும் செயற்கை இழையாகையால் சுடரில் உருகி அழகாகச் சுருளும். ஆனால் உருகிய துளி விரலில் விழுந்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சிறுவர்கள் கையில் அவ்வேலையைக் கொடுக்க வேண்டாம். தேயிலைச் சாயமும் அதிற் பிடிக்காது.

செண்டு கட்டுதல்

ஏழு மலர்ந்த ரோசா, ஐந்து மொட்டு, ஏழு இலைக்கொத்து, எட்டு மல்லிகைச் சரம்: இவை ஒரு செண்டுக்குத் தாராளம். முழுவதற்கும் நூற்று முப்பது ரோசா இதழும் நாற்பது மல்லிகை மொட்டும் வேண்டும். எண்ணிக்கையைக் கேட்டு மலைக்க வேண்டாம். மாலைக்கு ஒரு ரோசாவிற்கு மேல் செய்யாமல், மூன்று பேர் பகிர்ந்து செய்தால் இரண்டு வாரத்தில் யாவும் முடிந்துவிடும். ஒருவர் வெட்ட, ஒருவர் வளைக்க, ஒருவர் கட்டினால் வேலை தடையின்றி ஓடும். முகூர்த்தத்திற்கு முதல் வாரத்தில் தொடங்கி அவதிப்படாதீர்கள். அந்த வாரத்திற் கலியாண வீட்டில் எவருக்கும் கையும் ஓடாது, காலும் ஓடாது.

பெரிய பூ ஒன்றை நடுவிற் சற்று உயர்த்தி வைத்து, ஏனையவற்றைச் சுற்றிலும் படிப்படியாகத் தாழ்த்திக் கட்டுக. மொட்டும் சரமும் ஓரத்தில் வெளியே நீளட்டும். முகப்பின் அகலம் ஒன்பது அல்லது பத்து அங்குலத்திற்கு மேற்படலாகாது. மிஞ்சினால் சபையோர் மணமகளைக் காணாமற் செண்டையே காண்பர். காம்புகளை ஏழு அங்குலத்தில் ஒரே அளவாக வெட்டி, கம்பி முனைகளைக் குறட்டினால் உட்புறம் மடித்து, பஞ்சு சுற்றி, அதன்மேல் றிபனை நெருக்கமாகச் சுற்றுக. இதிற் கவனம் குறைந்தால் ஒரு கம்பி முனை கூறைச் சேலையின் சரிகையைக் கிழித்துவிடும்.

முடிந்ததும் மணமகளின் கையிற் கொடுத்து, கால் மணி நேரம் பிடித்து நிற்கச் சொல்லுங்கள். கை நோகின்றது என்றாற் கம்பி அதிகம்; சில காம்புகளைக் குறையுங்கள். வரவேற்பு முடியும்வரை பிடித்து நிற்கப் போகின்றவள் அவளே.

பின்னர் என் செய்வது?

செண்டை மெல்லிய வெள்ளைக் கடதாசியிற் சுற்றி, மட்டைப் பெட்டியில் இட்டு, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைத்தாற் பல ஆண்டு இருக்கும். தூசி படிந்தால் மென்மையான தூரிகையால் தட்டுக. நீரில் நனைத்தாற் கஞ்சி கரைந்து இதழ் தொய்யும். பிளாஸ்ரிக் பூ இருக்கவே இவ்வளவு பாடு எதற்கு என்று ஒரு சிலர் கேட்கலாம். பிளாஸ்ரிக் பூவும் வாடாது. குப்பைக்குப் போன பின்னரும் மண்ணோடு மண்ணாகாது. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பாவனைப் பிளாஸ்ரிக் பொருட்களின் வரிசையிற் பூமாலையும் சேர்ந்ததை நினைவிற் கொள்க.

அந்தத் தாயாருக்கு

அம்மையாரே, சம்பந்தி வீட்டாருக்கு இதனை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மணநாளன்று அவர்கள் தாமாகக் கண்டுபிடித்தால் அது மறைத்த காரியம் போலாகும். “செண்டை இவளுடைய தங்கைமார் மூவரும் தங்கள் கையாற் செய்கிறார்கள்” என்று நீங்களே மாமியாரிடம் நேரிற் சென்று சொன்னால், அது உங்கள் வீட்டின் பெருமையாகும். கூடுமானால் மாப்பிள்ளையின் சகோதரியையும் ஒரு மாலைப் பொழுதிற்கு அழைத்து, இரண்டு இதழ் வளைக்கச் சொல்லுங்கள். தானும் கை வைத்த பொருளை எவரும் பழித்துப் பேசுவதில்லை.

செண்டின்மேல் வாசனைத் தைலம் தெளித்து உண்மைப் பூவென நடிக்க விடாதீர்கள். பொய்ப்பூ என்ற பெயர் அங்கேதான் பிறக்கின்றது. துணிப்பூ, துணிப்பூவாகவே நிற்கட்டும். மணத்தைக் கூந்தலிலுள்ள மல்லிகை பார்த்துக்கொள்ளும்.

இன்னும் ஒன்று. உங்களிடம் பழைய வெண்பட்டுச் சேலை ஒன்று பெட்டியடியில் இருக்குமாயின், அதிற் கிழியாத ஒரு சாண் துணியைப் பிள்ளைகளிடம் கொடுத்து, ஒரு மொட்டை மட்டும் அதிற் செய்யச் சொல்லுங்கள். எது அந்த மொட்டு என்பது உங்கள் மகளுக்குத் தெரிந்தாற் போதும்.

கொழும்புச் செண்டு உங்களுக்கு ஒரு நாள் அழகைத் தந்திருக்கும். தங்கைமார் செய்யும் செண்டோ, அக்கா வீட்டைவிட்டுப் போகுமுன் நால்வரும் ஒரு விளக்கடியில் இருந்து பேசிச் சிரிக்கும் பதினான்கு மாலைகளையும் சேர்த்துத் தருகின்றது. அம்மாலைகளை எந்தப் பூக்கடையிலும் வாங்க முடியாது. தயங்காமல் நாளைக்கே துணியை எடுத்துக் கஞ்சியில் நனையுங்கள். மணமக்கள் பல்லாண்டு சீரும் சிறப்பும் பெற்று வாழ்க!